செயற்கைப் புல் ஆடுகளம்: ஆறு ஆண்டுகள் ஆடிய பிறகு

எங்கள் வீட்டின் பின்புறத்தில் செயற்கைப் புல் ஆடுகளம் போட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. போட்ட புதிதில் யார் கேட்டாலும் புல்லின் பசுமையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். இப்போது யாராவது கேட்டால் முதலில் ஜல்லியைப் பற்றித்தான் சொல்கிறேன். புல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அடித்தளம் பிசகினால் மழை பெய்யும் போதெல்லாம் மனம் புழுங்க வேண்டியதுதான். நாங்கள் அப்படி ஓர் ஆண்டு புழுங்கினோம்.

பாட்மின்டன் இரட்டையர் களம் 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்டது. சுற்றிலும் கால் வைக்கச் சுமார் ஒரு மீட்டர் விட்டு, 15.5 மீட்டருக்கு 8 மீட்டர் என்று அளந்தோம். அதில் 20 செ.மீ. ஆழத்துக்கு மண் வெட்டினால் ஏறத்தாழ 25 கன மீட்டர் வருகிறது. வெட்டியதும் அது பொதபொதவென்று இன்னும் பெருகிவிடும். அதை எங்கே கொண்டு போடுவது என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் செய்யாததால் ஒரு மாதம் வாசல் வழியே நடக்க முடியவில்லை.

குழியில் மண்ணும் ஜல்லியும் கலக்காமலிருக்க வடிதுணி விரித்து, அதன் மேல் 15 செ.மீ. ஜல்லி போட வேண்டும். அதை இரண்டு அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து, அதிரும் ரோலரால் தனித்தனியாக இறுக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் மொத்த ஜல்லியையும் ஒரே நாளில் கொட்டி, ஒரு முறை ரோலர் ஓட்டிவிட்டு, "இது போதும், மழையில் தானே இறுகிக்கொள்ளும்" என்றார். நானும் நம்பினேன். மேலே இறுகியிருந்தது, அடியில் இறுகவில்லை. முதல் பெருமழையிலேயே தென்மூலை தாழ்ந்து, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கியது.

சரிசெய்வதற்குப் பட்ட பாட்டை மறக்க முடியாது. பாதிக் களத்தில் புல் இழைகளுக்கு நடுவே இட்டிருந்த மணலை வாரியெடுத்து, புல் விரிப்புகளை ஒட்டிய இணைப்பைப் பிரித்து, புல்லைச் சுருட்டி, ஜல்லியைக் கிளறி மறுபடியும் இறுக்கினோம். இந்த வேலைக்கு வந்த மேஸ்திரி நூல் கட்டி, 8 மீட்டர் அகலத்துக்கு 8 செ.மீ. வாட்டம் வருகிறதா என்று அடிக்கொரு தரம் பார்த்தார். கடைசியாக விரித்த கல்தூளின் மேல் மூன்று மீட்டர் நீளச் சட்டத்தை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிந்த இடங்களையெல்லாம் நிரப்பினார். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. விட்ட அரை மணி நேரத்தில் ஆடலாம்.

புல்லுக்கு வருகிறேன். கால்பந்துக்கென்று விற்கும் 50 மி.மீ. புல்லைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். சிறிய களத்தில் அவ்வளவு உயரம் காலை இழுக்கும். நாங்கள் 20 மி.மீ. பாலிஎத்திலீன் புல் போட்டோம். அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். இழைகளுக்கு நடுவே சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ கணக்கில் கழுவி உலர்த்திய சிலிகா மணல் இட்டோம். மொத்தம் இரண்டரை டன். இழைகளை நிமிர்த்தி நிறுத்துவதும், புல்லை நகராமல் பிடித்துவைப்பதும் அந்த மணல்தான். மணலுக்குப் பதிலாகச் சிலர் இடும் ரப்பர் குருணை வேண்டாம் என்றேன். அது வெயிலில் நாறும், செருப்போடு வீட்டுக்குள் வரும், மழை நீரோடு மண்ணில் கலக்கும். இத்தகைய நுண்நெகிழி நிரப்பிகளை 2031க்குப் பிறகு விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியமே 2023இல் விதி செய்துவிட்டது. ஆனால் மணலில் விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். என் மகளுக்கு இருமுறை அப்படி ஆனது. அதன் பிறகு முழங்கால் உறை இல்லாமல் அவளை இறங்க விடுவதில்லை.

வெயிலைப் பற்றி எந்த விற்பனையாளரும் போதிய அளவு சொல்வதில்லை. காற்று 34 டிகிரி இருந்த ஒரு நண்பகலில் புல்லின் மேற்பரப்பை அளந்தேன்: 62 டிகிரி. தண்ணீர் தெளித்தால் சற்று நேரம் குளிரும், பிறகு பழையபடி கொதிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் காலையும் மாலையும் மட்டுமே ஆட்டம் என்று முதலிலேயே பழக்கிவிடுவது நல்லது. இன்னொன்று, எனக்கு வியப்பாகவே இருந்தது. மாடி ஜன்னலின் இரட்டைக் கண்ணாடியில் பட்டுக் குவிந்த வெயில், களத்தின் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்கு இழைகளைச் சுருள வைத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வலை கட்டிய பிறகுதான் நின்றது.

பாட்மின்டனுக்கும் சிறுவர் கால்பந்துக்கும் இந்தத் தரை அருமை. கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்றால் இதைப் போடாதீர்கள், பந்து எழும்பாது.

பராமரிப்பு இல்லை என்று விளம்பரம் செய்வார்கள். வாரம் ஒரு முறை இழை சாய்ந்த திசைக்கு எதிராகக் கெட்டித் துடைப்பத்தால் பெருக்குகிறேன். சர்வீஸ் போடும் இடத்தில் மணல் விலகிக்கொண்டே இருக்கும், அதை இழுத்து நிரப்புகிறேன். மரநிழல் விழும் பக்கத்தில் பாசி பிடிக்கிறது. நான்காம் ஆண்டில் நடு இணைப்பு ஒரு சாண் அளவுக்குப் பிரிந்தது. அன்றே ஒட்டியதால் யாரும் தடுக்கி விழவில்லை.

இப்போது வலைக்கு அருகே இழை 14 மி.மீ. ஆகத் தேய்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் புல்லை மாற்ற வேண்டியிருக்கும். மணல் ஏறிய பழைய சுருளை எங்கே தருவது என்பதுதான் என் கவலை. பிரித்து மறுசுழற்சி செய்யும் இடம் எதுவும் அருகில் இல்லை. புதுப் புல் வாங்கும்போது பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விற்பனையாளரிடம்தான் வாங்குவேன். அடியிலுள்ள ஜல்லியைத் தொட வேண்டிய அவசியம் இராது. சென்ற மாதம்தான் அந்த மூன்று மீட்டர் சட்டத்தை வைத்து ஒரு முறை பார்த்தேன்.