13 அங்குலத் திரையில் மூன்று விண்டோ: மேக்கில் எந்த வழி கைகொடுக்கும்?

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கில மூலம், நடுநடுவே அகராதி. பழைய எம்1 மேக்புக் ஏரில் பாதி நாள், வீட்டு மேசையில் இருக்கும் 27 அங்குலத் திரையில் மீதி நாள். விண்டோக்களை இழுத்து, சுருக்கி, தேடிக்கொண்டே இருந்தால் வாக்கியத்தின் நூல் அறுந்துவிடுகிறது. அதனால் மேக்கில் இதற்கு இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பழகிப் பார்த்தேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு விண்டோவை எந்த இடத்தில் வைப்பது என்பது ஒரு கேள்வி. எந்த விண்டோக்களைச் சேர்த்து வைப்பது, எவற்றைக் கண்ணிலிருந்து மறைப்பது என்பது வேறு கேள்வி. ஆப்பிள் இரண்டாவதைத்தான் முன்பே கவனித்தது. எல்லா விண்டோக்களையும் பரப்பிக் காட்டும் எக்ஸ்போஸே 2003-இல் வந்தது, பல டெஸ்க்டாப் தரும் ஸ்பேசஸ் 2007-இல் வந்தது. 2011-இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்பு இரண்டையும் சேர்த்து மிஷன் கண்ட்ரோல் ஆக்கியது. ஆனால் விண்டோவைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதியில் ஒட்டிக்கொள்ளும் வசதி விண்டோஸ் 7-இல் 2009-லேயே இருந்தும், மேக்குக்கு அது 2024-இல் செக்கோயா பதிப்போடுதான் வந்து சேர்ந்தது. இடையிலிருந்த 15 ஆண்டு வெற்றிடத்தில்தான் மேக்னெட், ரெக்டாங்கிள் போன்ற வெளிச் செயலிகள் வேர்விட்டன.

சரி, இப்போது மேக்கிலேயே வந்துவிட்டதே, ரெக்டாங்கிள் இன்னும் தேவையா? இது உங்கள் திரையைப் பொறுத்தது.

செக்கோயாவில் குளோப் விசையையும் (உலக உருண்டைப் படம் போட்ட fn விசை) கண்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்து இட அம்பை அழுத்தினால் விண்டோ இடப் பாதிக்குப் போகும். அம்புக்குப் பதில் எஃப் அழுத்தினால் திரை முழுக்க நிறையும், ஆர் அழுத்தினால் பழைய அளவுக்குத் திரும்பும். பாதி, கால் இரண்டும் உண்டு. மூன்றில் ஒன்று கிடையாது. விண்டோக்களுக்கிடையே ஒரு சின்ன இடைவெளியும் விடும். சிறிய திரையில் அது வீண். 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' அமைப்பில் அதை அணைத்துவிடலாம்.

ரெக்டாங்கிள் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. கண்ட்ரோல், ஆப்ஷன் இரண்டையும் பிடித்துக்கொண்டு டி (D), எஃப் (F), ஜி (G) என்று வரிசையாக அழுத்தினால் இடது, நடு, வலது மூன்றில் ஒரு பங்கு. ஈ (E) அழுத்தினால் இடப்பக்கம் மூன்றில் இரண்டு. எனக்கு உயிர்நாடி இந்த ஈ விசைதான். அதே பத்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக அகலம் கேட்கும். நம் சொற்கள் நீளம், பாதித் திரையில் வரிக்கு நான்கைந்து சொல்லோடு உடைந்துவிடுகிறது. மூன்றில் இரண்டைத் தமிழுக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் மூலத்தை வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. எம்1 ஏரின் திரை, தொழிற்சாலை அமைப்பில் 1440 புள்ளி அகலம். பாதி 720, மூன்றில் ஒன்று 480. ஒவ்வொரு செயலிக்கும் அதற்குக் கீழே சுருங்காத குறைந்தபட்ச அகலம் இருக்கிறது. 480-இல் பல செயலிகள் அடங்க மறுத்துப் பக்கத்து விண்டோவின் மேல் ஏறி நிற்கும். 27 அங்குலத்தில் 2560 புள்ளி அகலமுள்ள திரையிலோ மூன்றில் ஒன்றே ஏறத்தாழ 853, அதாவது மடிக்கணினியின் பாதியைவிடப் பெரிது. ஆகவே மடிக்கணினி மட்டும் வைத்திருப்பவர் எதையும் நிறுவ வேண்டாம், மேக்கின் சொந்த வசதியே போதும். பெரிய திரையும் இருந்தால் ரெக்டாங்கிள். மேக்கின் வசதியையும் ரெக்டாங்கிளையும் ஒன்றாக ஓட விடாதீர்கள், ஓரத்துக்கு இழுக்கும்போது ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

2015-இல் வந்த ஸ்பிளிட் வியூவும் இரண்டு விண்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். ஆனால் அந்த இரண்டையும் தனி டெஸ்க்டாப்பாகப் பூட்டிவிடும். அகராதியை மூன்றாவதாக மேலே மிதக்கவிட வழியில்லை. எனக்கு ஒத்துவரவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. இங்கே போட்டி ஸ்பேசஸுக்கும், 2022-இல் வென்ச்சுரா பதிப்பில் வந்த ஸ்டேஜ் மேனேஜருக்கும்.

ஸ்டேஜ் மேனேஜர் நடுவில் ஒரு குழுவை நிறுத்தி, மற்றவற்றை இடது ஓரத்தில் சிறு படங்களாக அடுக்கிக்கொள்கிறது. ஓரத்திலிருந்து ஒரு படத்தை நடுவுக்கு இழுத்தால் அதுவும் குழுவில் சேர்ந்துவிடும். விண்டோவை அந்த ஓரத்தின் மேல் தள்ளினால் படங்கள் ஒதுங்கிக்கொள்ளும். எது எங்கே கிடக்கிறது என்று மறந்துபோகிறவர்களுக்கு இது நல்ல துணை, எல்லாம் கண்முன்னே இருக்கிறதே. ஆனால் அது மவுஸ் பிடித்த கைக்கு ஏற்றது. 1440 புள்ளி அகலத்தில் ஓரத்துக்குக் கொடுக்கும் இடமும் எனக்குப் பெரிய விலை.

ஸ்பேசஸில் 16 டெஸ்க்டாப் வரை வைத்துக்கொள்ளலாம். எனக்கு மூன்று போதும்: முதலாவதில் மொழிபெயர்ப்பு, இரண்டாவதில் தேடலும் அகராதியும், மூன்றாவதில் அஞ்சல். பலர் ஸ்பேசஸைப் பழகிப் பார்த்துவிட்டு, 'எங்கே போகிறேன் என்றே தெரியவில்லை' என்று கைவிடுவதற்குக் காரணம் ஒரே ஓர் அமைப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைசியாகப் பயன்படுத்தியதை வைத்து டெஸ்க்டாப்களின் வரிசையைத் தானாக மாற்றும் அமைப்பு அது, ஆரம்பத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கும். இடம் நிலையாக இருந்தால்தானே கைக்குப் பழக்கம் வரும்? அதையும் 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' பகுதியில்தான் அணைக்க வேண்டும். அப்புறம் விசைப்பலகைக் குறுக்குவழிகளில் மிஷன் கண்ட்ரோல் பகுதிக்குப் போய், கண்ட்ரோலோடு 1, 2, 3 அழுத்தினால் அந்தந்த டெஸ்க்டாப்புக்குப் போகும்படி டிக் போடுங்கள். டாக்கில் செயலியின் படத்தை வலச்சொடுக்கி 'ஆப்ஷன்ஸ்' வழியாக அதை ஒரு டெஸ்க்டாப்புக்கே ஒதுக்கியும் விடலாம். அஞ்சல் எப்போதும் மூன்றாவதில்தான் திறக்கும், வேலைக்கு நடுவே குறுக்கே வந்து நிற்காது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. டெஸ்க்டாப் மாறும்போது திரை சறுக்கிப் போகும் அந்த நொடி. அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டால் சறுக்கல் மங்கி மாறுவதாக ஆகிறதே தவிர, முழுக்கப் போவதில்லை.

அந்த நொடியையும் பொறுக்காதவர்களுக்கு, குறிப்பாக நிரல் எழுதுகிறவர்களுக்கு, ஏரோஸ்பேஸ் என்ற வெளிச் செயலி. லினக்ஸில் விண்டோக்களைத் தானாக அடுக்கும் ஐ3 (i3) பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். புதிதாகத் திறக்கும் விண்டோ தானாகவே கட்டத்தில் போய் உட்காரும். மேக்கின் ஸ்பேசஸைத் தொடாமல் தன் சொந்த டெஸ்க்டாப்களை வைத்துக்கொள்கிறது, மறைக்க வேண்டிய விண்டோக்களைத் திரையின் மூலைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் மாற்றம் கண நேரத்தில் நடக்கிறது. அமைப்பெல்லாம் ஒரே எழுத்துக் கோப்பில். இதன் மூத்த போட்டியாளரான யபாய் இன்னும் ஆழமாகப் போகும், ஆனால் அதன் சில வசதிகளுக்கு மேக்கின் அமைப்புப் பாதுகாப்பை ஓரளவு அணைக்க வேண்டும். வாடிக்கையாளரின் கோப்புகள் இருக்கும் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன், அலுவலகக் கணினியில் உங்களுக்கு அனுமதியும் கிடைக்காது. ஏரோஸ்பேஸுக்கு அந்தத் தேவையில்லை.

எழுத்து வேலைக்கு ஏரோஸ்பேஸ் அதிகம் என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் கட்டத்தில் அடைத்தால் ஒரு சொல்லுக்காகத் திறந்த அகராதிகூட மூலத்தையும் தமிழையும் நெருக்கித் தள்ளிவிட்டு வந்து உட்காரும். மிதக்கும் விண்டோவாக அதற்கு விலக்குக் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு செயலிக்கும் அப்படி விதி எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அரைப் பக்கம் மொழிபெயர்த்துவிடலாம்.