53 − 27: ஒரே கணக்கு, நான்கு கற்றல் கொள்கைகள்

டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கும்போது தார்ண்டைக், ஸ்கின்னர், பியாஜே, வைகாட்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் எல்லாரும் ஒரு மதிப்பெண் வினாக்களாக வந்து போகிறார்கள். வகுப்பறையில் இவர்கள் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்க்க, இனமாற்றிக் கழித்தலை, அதாவது பத்திலிருந்து கடன் வாங்கிக் கழிப்பதை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் 53 − 27.

இதற்கு வரும் தவறான விடைகளில் இரண்டு முக்கியமானவை. பிள்ளை 34 என்று எழுதினால், 3-இல் 7 போகாது என்று 7-இலிருந்து 3-ஐக் கழித்திருக்கிறது. 36 என்று எழுதினால், கடன் வாங்கி 13 − 7 போட்டுவிட்டு 5-ஐ 4 ஆக்காமல் விட்டிருக்கிறது. இவை கவனக்குறைவு அல்ல. பிள்ளை தானே வைத்திருக்கும் ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று ஆய்வாளர்கள் பிரவுனும் பர்ட்டனும் 1978-இல் விரிவாகக் காட்டினார்கள். பிழையைக் கண்டுபிடிக்க 52 − 27 மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு பிழைக்கும் 35-தான் விடை. எது என்று பிரித்தறிய முடியாது.

தார்ண்டைக், ஸ்கின்னர் வழிவந்த நடத்தையியல் வழி எளிது. பாடத்தைச் சிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு கணக்குக்கும் உடனே சரியா தவறா என்று சொல்லி, சரியானதைப் பாராட்டி வலுவூட்ட வேண்டும். நோட்டை வாங்கிவைத்து மறுநாள் திருத்திக் கொடுத்தால் இதன் பாதிப் பலன் போய்விடும். இன்னொன்று: ஒரு பக்கம் முழுக்கக் கடன் வாங்கும் கணக்காகவே கொடுத்தால் 58 − 23-க்கும் பிள்ளை 5-ஐ அடித்து 4 ஆக்கும். இரு வகையையும் கலந்துதான் தர வேண்டும். திரும்பத் திரும்பச் செய்வதே போதும் என்ற பயிற்சி விதியைத் தார்ண்டைக்கே பிற்காலத்தில் கைவிட்டார். அந்தச் செய்தி மட்டும் பல ஆசிரியர்களை இன்னும் எட்டவில்லை.

இந்த வழியின் பெரிய ஓட்டை, விடையை மட்டும் பார்ப்பது. அமெரிக்காவில் தனியாள் வேகத்தில் படிக்கும் ஒரு திட்டத்தில் தேர்வுகளில் தேறி முன்னேறிக்கொண்டிருந்த மாணவன் ஒருவனிடம் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் பேசிப் பார்த்து 1973-இல் எழுதினார். பென்னி என்ற பெயரில் அறியப்படும் அந்தப் பையன் 2/10 என்பதை 1.2 என்றும், 0.3 + 0.4-ஐ 0.07 என்றும் நம்பிக்கையோடு சொன்னான். விடைத்தாளைப் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிள்ளை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்னும், பியாஜே வழிவந்த கட்டமைப்புவாதம் குச்சியைக் கையில் கொடுக்கும். பத்துக் குச்சிக் கட்டு 5, தனிக் குச்சி 3. "27 எடுத்துக் கொடு" என்று மட்டும் கேட்க வேண்டும். கட்டைப் பிரி என்று சொல்லக் கூடாது. கட்டைப் பிரிப்பதுதான் பாடம், அதைப் பிள்ளையே கண்டுகொள்ள வேண்டும். நடப்பில் இரண்டு இடத்தில் இது சறுக்கும். சில பிள்ளைகள் எல்லாக் கட்டையும் அவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணி 26 சொல்லும்: விடை சரி, இனமாற்றம் நடக்கவே இல்லை. இன்னும் சில, குச்சியில் 26 வைத்துவிட்டு நோட்டில் 34 எழுதும். குச்சிக்கும் எண்ணுக்கும் தொடர்பு தானாக வராது. கட்டைப் பிரித்த அந்த நொடியிலேயே நோட்டில் 5-ஐ அடித்து 4, 3-க்கு முன் 1 என்று எழுத வைக்க வேண்டும். கண்டுபிடிக்கட்டும் என்று விட்டு ஒரு பீரியட் முழுக்க ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்வெல்லர் 1988-இல் முன்வைத்த அறிவாற்றல் சுமைக் கொள்கையும் அதைத்தான் சொல்கிறது. புதிதாகக் கற்பவரின் செயல்நினைவில் (யோசிக்கும்போது மனதில் தாங்கிவைக்கும் நினைவில்) சில விஷயங்களுக்கே இடமுண்டு. தேடுவதிலேயே அது தீர்ந்தால் கற்க மிச்சமிருக்காது. எனவே செய்துகாட்டிய கணக்கு ஒன்று, பக்கத்திலேயே அதே மாதிரிக் கணக்கு ஒன்று. முதலில் முழுதும் செய்தது, அடுத்ததில் கடைசிப் படி காலி, அதற்கடுத்ததில் இரண்டு படி காலி, பிறகு முழுதும் பிள்ளையே. விளக்கம் கணக்கின் மேலேயே இருக்க வேண்டும். கரும்பலகையில் கணக்கு, புத்தகத்தில் விளக்கம் என்றால் கண் அலைவதிலேயே சுமை ஏறும். ஆனால் ஏற்கெனவே கழிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதே முறை சலிப்பு மட்டுமல்ல, இடைஞ்சலும்கூட.

வைகாட்ஸ்கிக்கு விடையைவிட, எவ்வளவு உதவியோடு அது வந்தது என்பதே முக்கியம். "3-இல் 7 போகுமா?" என்ற கேள்வியிலேயே பிடித்துக்கொள்ளும் பிள்ளையும், கையைப் பிடித்துக் கட்டைப் பிரிக்கவைக்க வேண்டிய பிள்ளையும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைப் பிரிவில் இந்தச் சாயல் உண்டு. ஆனால் எப்போதும் நிலை பிரித்தே உட்கார வைத்தால், அரும்புக்குச் சொல்லித்தர மலர் பக்கத்தில் இருக்காது.

சரி, எதை எடுப்பது? பிரவுனெல், மோசர் 1949-இல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புக் கழித்தல் ஆய்வு இங்கே கைகொடுக்கும். காரணம் புரியவைத்துக் கற்பித்தபோது கடன் வாங்கும் முறை முந்தியது, புதிய கணக்குகளிலும் உதவியது. காரணம் சொல்லாமல் வெறும் படிகளாகக் கற்பித்தபோதோ மேலும் கீழும் சமமாகக் கூட்டும் முறை (மேலே 3-உடன் பத்தைக் கூட்டி 13 − 7, கீழே 2-ஐ 3 ஆக்கி 5 − 3) மேலாக இருந்தது. கடன் வாங்குவதைப் புரியவைக்காமல் மனப்பாடமாக்குவதுதான் நாம் அதிகம் செய்வது, அதுதான் நட்டமும்.

என் தேர்வு: குச்சியும் நோட்டும் சேர்ந்து இரண்டு பீரியட், அடுத்து படி படியாகக் காலியாகும் செய்துகாட்டிய கணக்குகள், பிறகு ஓரிரு வாரம் நாளுக்கு ஐந்தாறு கலப்புக் கணக்கு. அதன்பின் 304 − 128 கொடுங்கள். 224 வந்தால், 34 எழுதவைத்த பழைய பிழையே. 86 வந்தால் பிள்ளை 0-வைத் தாண்டி நூறாம் இடத்திலேயே இரண்டு முறையும் கடன் வாங்கியிருக்கிறது. அதற்கு மேலும் பத்துக் கணக்கு கொடுத்துப் பயனில்லை. நூறு குச்சிகள் கொண்ட ஒரு கட்டை எடுத்துப் பத்துக் குச்சிக் கட்டுகள் பத்தாகப் பிரிக்கச் சொல்லி, அதில் ஒன்றை மட்டும் அவிழ்க்கவைத்து, மிஞ்சிய 9-ஐ 0-வின் மேல் எழுத வையுங்கள்.