வார்டு கப்பல் மாடல் கிட்: பொறுமை இருந்தால் தாராளமாக வாங்கலாம்

யு.எஸ்.எஸ். வார்டு என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலின் பிளாஸ்டிக் மாடலைப் போன மாதம் ஒட்டி முடித்தேன். நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். அச்சு பழையது. அடிப்பாகம் இரண்டு பாதியாக வருகிறது. சேர்த்தால் கீழே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. புட்டி வைத்து, நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் தொட்டு எமரி தேய்த்தால் சரியாகிவிடும்.

நாலு புகைபோக்கியையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். முன்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முதல் குழாய்க்குப் பின்னால் மற்ற மூன்றும் மறைய வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் கப்பலின் அழகே போய்விடும்.

கலிபோர்னியாவின் மேர் ஐலண்ட் தளத்தில் 1918 மே 15 அன்று இதற்குக் கீல், அதாவது கப்பலின் அடி முதுகெலும்பு, வைத்தார்கள். ஜூன் 1 அன்று தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். பதினேழரை நாள்! ஜெர்மன் நீர்மூழ்கிகளை விரட்டக் கப்பல் அவசரமாகத் தேவைப்பட்ட நேரம் அது. பாகங்களை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டுதான் கீல் வைத்திருக்கிறார்கள். முப்பது வருடம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருந்தவன் நான். அந்த முன்வேலையின் அருமை எனக்குத் தெரியும். 1921-இல் ஒதுக்கி நிறுத்திய கப்பல், 1941-இல் மறுபடி வேலைக்கு வந்தது.

அந்த வருடம் டிசம்பர் 7 காலை, ஜப்பானிய விமானங்கள் ஹவாயிலிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்க வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே, துறைமுக வாயிலில் ஒரு ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியை வார்டு சுட்டது. முதல் பீரங்கி குறி தவறியது. வலது பக்கம், சமையலறைக்கு மேலே இருந்த மூன்றாம் பீரங்கி அடித்தது. 2002-இல் கடலடியில் அந்த நீர்மூழ்கி கிடைத்தபோது அதன் மேல்கோபுரத்தில் குண்டு துளைத்த ஓட்டை அப்படியே இருந்தது. அந்தப் பீரங்கி இன்றும் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் இருக்கிறது.

அப்படிப்பட்ட பீரங்கிக்குக் கிட்டில் தடித்த பிளாஸ்டிக் குச்சிதான் தருகிறார்கள். அதை வெட்டிவிட்டு 22 கேஜ் இன்ஜெக்‌ஷன் ஊசியை 21 மில்லிமீட்டருக்கு அறுத்துச் செருகினேன். வாயில் துளையோடு அசல் குழல் போலவே நிற்கிறது.

பிற்பாடு புகைபோக்கி குறைத்துப் படைகளை ஏற்றிச் செல்ல மாற்றிய தோற்றம் இந்தக் கிட்டில் கிடையாது. அந்தக் கோலத்தில்தான் 1944 டிசம்பர் 7 அன்று, சரியாக மூன்று வருடம் கழித்து, பிலிப்பைன்ஸின் ஓர்மோக் விரிகுடாவில் தற்கொலை விமானம் மோதி எரிந்தது. காப்பாற்ற முடியாமல், ஓ'பிரையன் என்ற இன்னொரு அமெரிக்கக் கப்பலே அதைச் சுட்டு மூழ்கடித்தது. ஓ'பிரையனின் கேப்டன் வில்லியம் அவுட்டர்பிரிட்ஜ். பேர்ல் ஹார்பர் அன்று வார்டின் கேப்டனும் அவர்தான். இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

அப்புறம் ஒன்று: மூன்றாம் பீரங்கியைக் கடைசியில் ஒட்டுங்கள். கொடிமரத்துக்கு நூல் கட்டும்போது கை பட்டு என்னுடையது ஒருமுறை பெயர்ந்து வந்துவிட்டது.