மோட்டுல் ஆர்பிஎஃப் 600: வீட்டுக்கும் டிராக்குக்கும் ஓடும் பழைய காருக்கு இந்த பிரேக் ஆயில் சரிப்படுமா?

வார நாளில் குடும்பத்தோடு ஓடி, லீவு நாளில் ரேஸ் டிராக்கில் இறங்கும் பழைய காருக்கு ஆர்பிஎஃப் 600 தாராளமாகப் போதும். வருடம் ஒருமுறை முழுதாக மாற்றவும், ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னால் முன்சக்கரங்களில் ஏர் எடுக்கவும் (பிரேக் லைனில் உள்ள காற்றையும் பழைய ஆயிலையும் வெளியே தள்ளவும்) மனமிருந்தால் வாங்கலாம். ஊற்றிவிட்டு மூன்று வருடம் மறந்துபோகிறவர்களுக்கு இது வீண் செலவு.

பழைய காரை டிராக்குக்குத் தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், சைலன்சர், லோயரிங் ஸ்பிரிங், அகல டயர் என்று போய்விட்டு, பிரேக்குக்குக் கடைசியாக வருகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். 1000 கிலோ எடையுள்ள கார் 120 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது சுமார் 415 கிலோ ஜூல் ஆற்றல் பிரேக்கில் வெப்பமாகக் கரைய வேண்டும். அதில் 70 சதவீதம் முன் டிஸ்க்குகள் தலையில் விழுகிறது என்று வைத்தால், ஒவ்வொன்றும் 4 கிலோ உள்ள இரண்டு டிஸ்க்கும் அந்த ஒரே பிரேக்கில் 70 டிகிரிக்கு மேல் சூடாகும். ஒரு சுற்றில் நாலைந்து முறை இப்படிப் பிடித்தால், நடுவில் ஆற நேரமில்லாமல் டிஸ்க் சில சுற்றுகளிலேயே 400 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூடு டிஸ்க்கை அழுத்தும் பேட் வழியாக, பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கும் இறங்குகிறது. ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சாகிவிடும். எஞ்சினின் சக்தியைக் கூட்டி நேர்ப்பாதையின் முடிவில் 10 சதவீதம் கூடுதல் வேகம் எடுத்தால் அதே 60-க்கு இறங்க பிரேக் சுமக்க வேண்டிய ஆற்றல் சுமார் 28 சதவீதம் கூடும். பிடிமானம் அதிகமுள்ள டயர் போட்டாலும் கதை அதேதான்; இன்னும் தாமதமாக, இன்னும் அழுத்தமாகப் பிடிப்பீர்கள்.

இனி எண்கள். பிரேக் ஆயிலை டாட் 3, டாட் 4 என்று தரவாரியாகப் பிரிக்கிறார்கள். சாதாரண டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு 140. டாட் 4-க்கு இது 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. ஆர்பிஎஃப் 600-க்கு மோட்டுல் சொல்வது புதிதில் 312, ஈரம் சேர்ந்தபின் 205. அதாவது ஈரம் குடித்துத் தளர்ந்த நிலையிலும் இது புத்தம் புதிய டாட் 3-க்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவில் நிற்கிறது. பெட்டியில் பெரிதாக அச்சிடுவது 312 என்பதைத்தான். ஆனால் வருடம் முழுக்கச் சாலையில் ஓடும் காரில் அந்த எண் முதல் சில வாரங்களுக்குத்தான் பொருந்தும். கிளைகால் (glycol) என்ற ரசாயனத்தை அடிப்படையாகக் கொண்ட எந்த ஆயிலும் ஹோஸ் வழியாகவும், ரிசர்வாயர் (ஆயில் தொட்டி) மூடி வழியாகவும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உண்மையில் அந்த 205-ஐ.

ஆர்பிஎஃப் 660 கூடுதல் நல்லதா என்ற கேள்வி எப்போதும் வரும். அதன் புதுக் கொதிநிலை 325, ஈரக் கொதிநிலை 204. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் ஆயில் மாற்றும் காருக்கு அந்த 13 டிகிரி உதவும். வீட்டுக் காருக்கு உதவாது. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் வேறு ரகம்: 320, 270. ஈரம் சேர்ந்தபிறகும் 270 என்பது பெரிய வித்தியாசம். விலையும் பல மடங்கு. மாதாமாதம் டிராக்குக்குப் போகிற, கொஞ்சம் கனமான காருக்கு அது நியாயம். வருடத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் போகிறவர்களுக்குப் புதிய டாட் 5.1 ஒன்றே போதும், ஆர்பிஎஃப் கூடத் தேவையில்லை. சிலிகான் அடிப்படையிலான டாட் 5 பக்கம் மட்டும் போகவே வேண்டாம். பெயர் ஒத்திருந்தாலும் அது மற்ற ஆயில்களோடு கலக்காது, சூட்டில் பெடலும் மெத்தென்று ஆகும்.

ஆர்பிஎஃப் 600 டாட் 3, 4, 5.1 ஆகியவற்றோடு கலக்கும். அதனால் பழைய ஆயிலை இதைக் கொண்டே தள்ளி வெளியேற்றலாம். ஆனால் கலந்து ஓட்டினால் எண்களும் கலந்துதான் நிற்கும். இன்னொரு கவனம்: இது குளிரில் கெட்டியாகும் ரகம். நுணுக்கமான ஈஎஸ்பி (கார் வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) யூனிட் உள்ள பிந்தைய மாடல்களுக்கு மெல்லிய ஆயிலைத்தான் தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். கடும் குளிர்ப் பகுதியில் அந்தக் கார்களுக்கு இதை ஊற்றாதீர்கள். ஏபிஎஸ் மட்டும் உள்ள, அல்லது அதுவும் இல்லாத பழைய காரில் பிரச்சினை இல்லை.

வாங்குவதற்கு முன் உங்கள் குறை ஆயிலில்தானா என்று பாருங்கள். டிராக்கில் பெடல் திடீரென்று ஆழமாக இறங்கி, பஞ்சுபோல் ஆனால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கிறது. பெடல் கல்லாக நின்றும் கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனால் ஆயில் நன்றாகத்தான் இருக்கிறது, பேட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டாவது நிலைக்கு ஆர்பிஎஃப் ஊற்றி ஒரு பயனும் இல்லை. குளிர்ந்த நிலையிலேயே பெடல் ஆழமாக இருந்தால் அது வேறு. பின் டிரம்மில் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் கட்டை) தளர்ந்திருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) தேய்ந்திருக்கும்.

மாற்றும் வேலையில்தான் பழைய கார்கள் பழிவாங்கும். முந்தின நாளே நாலு ப்ளீட் நிப்பிளையும் (ஏர் எடுக்கத் திறக்கும் திருகு) ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவிடுங்கள். அடுத்த நாள் திறந்த வாய் ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஆறு முனை சாக்கெட்டோ ரிங் ஸ்பேனரோ மட்டும். காலிப்பர் (பேடோடு டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) மேல் நிப்பிளைச் சுற்றிச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைத்து, பிறகு தளர்த்துங்கள். நிப்பிள் உள்ளே கூடாக இருக்கும். பலம் காட்டினால் காலிப்பரோடு ஒட்டி முறியும். வராத நிப்பிளை அன்றே விட்டுவிட்டு மாற்றுக் காலிப்பருக்கு ஏற்பாடு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

ஏர் எடுக்கும் முன் பின் டிரம் ஷூக்களைச் சரிசெய்துவிடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசும் அளவுக்கு நெருக்கி, கொஞ்சம் தளர்த்தினால் போதும். இதைச் செய்யாமல் ஏர் எடுத்தால் எவ்வளவு ஆயில் வெளியே போனாலும் பெடல் ஆழமாகவே இருக்கும், உள்ளே காற்று இருப்பதாக நினைத்து இரண்டாவது புட்டியையும் காலி செய்வீர்கள்.

இரண்டு 500 மில்லி புட்டிகள் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய காருக்கு ஒரு லிட்டர் சரியாக வரும், கடைசியில் முன்சக்கரங்களுக்குக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். முதலில் சிரிஞ்சால் ரிசர்வாயரில் உள்ள பழைய ஆயிலை உறிஞ்சி, அடியில் படிந்த கறுப்பு வண்டலைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, புதிய ஆயிலை நிரப்புங்கள். இதைத் தவிர்த்தால் அந்த வண்டல் முழுவதும் மாஸ்டர் சிலிண்டர் வழியாகத்தான் போகும். பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குவது பொது வழக்கம். ஆனால் பிரேக் லைன் குறுக்காகப் பிரிக்கப்பட்ட முன்சக்கர இயக்கக் கார்களில் ஒரு பின்சக்கரம், அதற்கு எதிர்மூலை முன்சக்கரம் என்று வரிசை மாறும். காரின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே கணக்கு.

பெடல் மிதிக்கிறவருக்கு ஒரு கட்டளை உண்டு: அடிவரை மிதிக்கக் கூடாது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் பாதித் தூரம்தான் போய்வருகிறது. மீதிப் பகுதியில் வருடக்கணக்கில் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். அடிவரை அழுத்தினால் ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் இழுபட்டுக் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்தால் தீர்ந்தது. மெதுவாக மிதிக்க, நிப்பிளைத் திறக்க, பெடல் கட்டையைத் தொடும் முன் மூட, பிறகே காலை எடுக்க. நிப்பிளில் மாட்டிய தெளிந்த டியூபின் மறுமுனை ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். நாலைந்து மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பாருங்கள். அது வற்றிக் காற்றை இழுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியாலோ ஸ்பிரிங்காலோ கோத்த அழுத்த வால்வு பல பழைய குடும்பக் கார்களில் உண்டு. காரில் ஏறிய பாரத்தைப் பார்த்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று அது முடிவு செய்யும். ஜாக்கில் ஏற்றி ஆக்ஸில் தொங்கும்போது அந்த வால்வு பின்பக்கத்தை நெருக்கிவிடும், ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஆக்ஸிலுக்குக் கீழேயே ஸ்டாண்ட் கொடுத்து, கார் தரையில் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து ஏர் எடுங்கள். லோயரிங் ஸ்பிரிங் போட்டவர்கள் இந்த வால்வைக் கட்டாயம் மறுபடி செட் செய்ய வேண்டும். கார் தாழ்ந்ததை அது பாரம் ஏறியதாக எடுத்துக்கொண்டு பின்பக்கம் அதிக அழுத்தம் விடும். மழை ஈரத்தில் வளைவுக்குள் பிரேக் பிடித்தால் முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழலும். இது உயிர் விஷயம்.

ஹைட்ராலிக் கிளட்ச் அதே ரிசர்வாயரைப் பகிரும் கார்களில் கிளட்ச் லைனிலும் பழைய ஆயிலை வெளியே தள்ளுங்கள். ஏபிஎஸ் இருந்தால் யூனிட்டுக்குள் கொஞ்சம் பழைய ஆயில் தங்கும். அந்த யூனிட்டை இயக்கும் ஸ்கேனர் கருவி இல்லையென்றால், காலி மண் தரையில் மெதுவான வேகத்தில் சில முறை ஏபிஎஸ்ஸை வேலை செய்யவைத்துவிட்டு மறுபடி ஏர் எடுக்கலாம். பெயின்ட்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் விட்டு அலசுங்கள். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல். அந்த நிலையில் காரை எடுக்கக் கூடாது.

இந்த ஆயில் சாலையில் எந்த வித்தியாசத்தையும் காட்டாது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மாற்றிய அன்று பெடல் கெட்டியாகத் தெரிந்தால் அது காற்று வெளியேறியதன் பலன். எந்தப் புது ஆயிலும் அதைத் தரும். இதன் மதிப்பு டிராக்கில் ஐந்தாவது சுற்றில்தான் தெரியும்.

அப்போதும் பேட் துணை நிற்க வேண்டும். ஒரிஜினல் பேட்டோடு போனால் ஆயில் கொதிப்பதற்கு முன்பே பேட் கைவிடும். ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற, சாலைக்கும் டிராக்குக்கும் நடுவில் உள்ள பேட் இந்த ஆயிலுக்குப் பொருத்தமான ஜோடி. காலையில் கொஞ்சம் கீச்சிடும், ரிம்மில் கறுப்புத் தூள் படியும்; குடும்பத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். முழுப் பந்தயப் பேட் வேண்டாம், குளிர்ந்த நிலையில் பிடிக்காத பேட்டோடு தெருவில் ஓட்டுவது ஆபத்து. பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் டிராக்குக்குப் போகாதீர்கள். மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் நேராக பிஸ்டனுக்கு அனுப்பும், 312 டிகிரி ஆயிலும் கொதிக்கும். காலிப்பர் ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவுங்கள். ஒரு பின் இறுகினாலே ஒரு பக்கப் பேட் எப்போதும் உரசிச் சூடேறிக்கொண்டே இருக்கும்.

எஃகுப் பின்னல் ஹோஸ் பற்றி அளவுக்கு மீறிப் பேசப்படுகிறது. இருபது வருட ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டுப் புதிய ஒரிஜினல் ரப்பர் ஹோஸ் போட்டாலே பெடலில் பெரும்பாலான முன்னேற்றம் வந்துவிடும். பழைய ஹோஸ் உள்ளுக்குள் வீங்கினால் மிதிக்கும்போது ஆயிலை விடும், காலை எடுத்தபின் திரும்ப விடாது. பிரேக் பிடித்தபடியே ஓடும். அது ஆயிலுக்கு மிகப் பெரிய எமன்.

டிராக்கில் ஒரு சுற்று சூடேற்ற, மூன்று அல்லது நாலு சுற்று வேகமாக, ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் ஆற்ற என்று ஓட்டினால் இந்த ஆயில் சாதாரணக் குடும்பக் காரில் நாள் முழுக்கத் தாங்கும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒருமுறை கொதித்து பெடல் இறங்கிவிட்டால், ஆறியபின் பெடல் மேலே வந்தாலும் அந்த ஆயிலை நம்பக் கூடாது. முன் காலிப்பர் ஒவ்வொன்றிலும் 50 மில்லி அளவுக்கு வெளியேற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அதற்காகவே புட்டியில் மிஞ்சிய ஆயிலை இறுக மூடி டிக்கியில் வையுங்கள். திறந்த புட்டியை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்காதீர்கள். வாங்கும்போதும் மூடிக்குக் கீழே உள்ள சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.