கூடு நம்முடையது, உள்ளே இருக்கும் போர்டு யாருடையது?

கும்பகோணம் பக்கம் கேம் கன்ட்ரோலரை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையில் கொடுப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்திருந்தேன், அதுவும் தற்செயலாக. அது மட்டும் இல்லை என்றால் ஏமாந்ததுகூடத் தெரியாமல் இன்றைக்கும் ஸ்டீமை, அதாவது கம்ப்யூட்டரில் கேம் ஓட்டும் மென்பொருளை, திட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

எங்கள் வீடு பாபநாசம் பக்கத்தில். கம்ப்யூட்டர் உள்ளறையில் இருக்கிறது, டிவி ஹாலில். நடுச்சுவரில் ஓட்டை போட்டுப் பத்து மீட்டர் எச்டிஎம்ஐ ஒயர் இழுத்து வைத்திருக்கிறேன். சம்பா அறுப்பு முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்ட பிறகு எனக்கு ராத்திரியில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். சாப்பாடு ஆனதும் நானும் அக்கா மகனும் சோபாவில் உட்கார்ந்து ஸ்டீமில் டிவிக்கு ஏற்ற முழுத்திரை முகப்பான பிக் பிக்சரைத் திறந்துவிடுவோம். அம்மா ஊஞ்சலில் இருந்தபடி, சீரியல் போச்சே என்று எங்களை முறைத்துக்கொண்டிருப்பார்.

கையில் இருந்தது பிளேஸ்டேஷன் 4-க்கான டூயல்ஷாக் 4. அத்தான் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வாங்கிவந்தது. டச்பேடின் மேல் விளிம்பில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரியும், 2016-இல் வந்த இரண்டாம் மாடல். விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் பேசும் எக்ஸ்இன்புட் என்ற மொழிதான் தெரியும். ஆனால் 2016 கடைசியிலிருந்து ஸ்டீமே நடுவில் நின்று டூயல்ஷாக்கை மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. உள்ளே இருக்கும் கைரோவையும் பயன்படுத்தலாம், அதாவது கன்ட்ரோலரைச் சாய்த்தே குறி பார்க்கலாம். பையனுக்கு அதில்தான் உயிர். வில் அம்பு வரும் கேம் என்றால் உடம்பையே சாய்த்துக்கொண்டு சோபாவின் ஓரத்துக்குப் போய்விடுவான்.

மாசியில் இடது ஸ்டிக் இழுக்க ஆரம்பித்தது. தொடாமலே திரையில் இருக்கிற ஆள் தானாக இடது பக்கம் நடப்பான். ஸ்டிக் எவ்வளவு சாய்ந்தது என்று அளக்க அதற்கு அடியில் இரண்டு பொட்டன்ஷியோமீட்டர் உண்டு. அவற்றின் கரித்தடம் தேய்ந்தாலும் தூசி புகுந்தாலும் இப்படித்தான் ஆகும். எங்கள் வீட்டில் அது கதிரடிக்கும் தூசி என்று நினைத்தேன். பின்பக்கம் நான்கு திருகாணியைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்தேன். எந்த ஒயர் எங்கே போனது என்று மறந்துவிடக் கூடாதே என்று திறந்தவுடன் போனில் ஒரு படம் எடுத்தேன். மேலே சொன்ன தற்செயல் இதுதான். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் மறுபடியும் இழுப்பு.

ஸ்டிக்கையே மாற்ற வேண்டும் என்றால் போர்டில் 14 இடத்தில் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். அந்தக் கைப்பக்குவம் எனக்கு இல்லை. கும்பகோணத்தில் ஒரு கடைவீதியில் "எல்லா கேம் ரிமோட்டும் சரி செய்யப்படும், அசல் பார்ட்ஸ் மட்டும்" என்று பெயர்ப்பலகை வைத்திருந்த கடையில் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி ஸ்டிக்கை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அனலாக் போயிருக்குண்ணே, 850 ஆகும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றான். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் வந்துவிட்டது. ஸ்டிக் இழுப்பு இல்லை. பளபளவென்று துடைத்தும் கொடுத்திருந்தார்கள். சந்தோஷமாகப் பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி பையன்தான் முதலில் சொன்னான்: "மாமா, சாய்ச்சா திரும்ப மாட்டேங்குது." செட்டிங் மாறியிருக்கும்டா என்றேன். அதில் மூன்று ராத்திரி போயிற்று. ஸ்டீமை அழித்து மறுபடி போட்டேன். கம்ப்யூட்டரில் செருகும் ப்ளூடூத் டாங்கிள் யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்சில் இரைச்சல் வரும் என்பதால் அதை நீட்டிப்பு ஒயரில் செருகி டிவி பக்கம் கொண்டுவந்து வைத்தேன். எதுவும் நடக்கவில்லை. பட்டன் எல்லாம் வேலை செய்கிறது, கைரோ மட்டும் செத்துக் கிடக்கிறது. டச்பேடை அழுத்தினால் சொடுக்குகிறது, ஆனால் விரலை வைத்து இழுத்தால் ஒன்றும் அசையவில்லை. யூஎஸ்பி ஒயரில் மாட்டினால் முன்பெல்லாம் விண்டோஸின் ஒலிக் கருவிப் பட்டியலில் இதன் பெயரும் வரும், ஹெட்போன் துளை இருக்கிறதல்லவா. இப்போது அதையும் காணோம்.

மூன்றாம் நாள் குரோமில் திறக்கும் ஓர் இலவச அளவுத்திருத்தப் பக்கத்தில் ஒயர் போட்டு மாட்டிப் பார்த்தேன். டூயல்ஷாக்கின் ஸ்டிக்கை நடுமையம் பார்த்துச் சரிசெய்யும் கருவி அது. மாட்டிய நொடியே இது குளோன், அதாவது அசலைப் போலச் செய்த நகல், என்று சொல்லிவிட்டது.

அப்போதும் நம்பவில்லை. கூடு என்னுடையதுதானே? முக்கோண பட்டனுக்குப் பக்கத்தில் பையன் காம்பஸ் முனையால் போட்ட கீறல் அப்படியே இருக்கிறது. திறந்தேன். போனில் இருந்த படத்தில் பச்சை போர்டு, ஓரத்தில் ஜேடிஎம்-055 என்று அச்சு, நடுவில் சோனி பேட்டரி, 1000 எம்ஏஎச். இப்போது உள்ளே இருந்தது வேறு நிறத்தில், எந்த எண்ணும் இல்லாத ஒரு போர்டு. பேட்டரியில் லேபிளே இல்லை. கையில் எடுத்தால் தக்கை மாதிரி இருந்தது. கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை என்று விக்கிரமாதித்தன் கதையில் கேட்டிருக்கிறோம், அதை 850 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்திருக்கிறார்கள்.

படத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் "அப்படியே தாண்ணே இருந்துச்சு" என்றான். போட்டோவையும் அது எடுத்த தேதியையும் காட்டினேன். சுருதி இறங்கிவிட்டது.

"சூடு வைக்கிறப்ப போர்டு போயிருச்சுண்ணே. அதான் நம்மகிட்ட இருந்த ஒண்ணப் போட்டுக் குடுத்தோம். ஓடுதுல்ல?"

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்கல்ல."

இந்தப் பதிலுக்கு என்ன சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பழைய போர்டைக் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்றாம். ஒருவேளை உண்மையாகவே வேலையில் கெட்டுப்போயிருக்கலாம். ஆனால் பேட்டரியையும் சேர்த்தா சூடு வைப்பார்கள்? அசல் போர்டும் அசல் பேட்டரியும் தனியாகவே விலை போகும் சரக்கு. 850-ஐ திருப்பிக் கொடுத்தான், அதுவும் கடையில் இன்னும் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்ததால்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. ரிப்பேருக்குப் போன இரண்டு நாளில் பையன் தொல்லை தாங்காமல் வேறொரு கடையில் 1,900 ரூபாய்க்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் வாங்கினேன். "ஒயர்லெஸ், ப்ளூடூத், எல்லாத்துலயும் ஓடும்" என்றார் கடைக்காரர். ஒயர்லெஸ் உண்மை, ப்ளூடூத் பொய். 2013-இல் வந்த முதல் மாடலில் ப்ளூடூத்தே கிடையாது. மைக்ரோசாப்டின் தனி யூஎஸ்பி அடாப்டர் வேண்டும், இல்லாவிட்டால் மைக்ரோ யூஎஸ்பி ஒயர். பார்த்தவுடன் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: நடுவில் உள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் முகப்போடு ஒரே துண்டாக, மங்கலாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேலே தோள் பட்டன்களோடு சேர்ந்த தனி வழவழப்புத் துண்டாக இருந்தால் இல்லை. இந்த வித்தியாசம் அந்தப் பெரியவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று மீட்டர் ஒயர் வாங்கி மாட்டினேன், நன்றாக ஓடுகிறது. ஊஞ்சல் ஆடும்போது மட்டும் ஒயரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

ரிப்பேர் கடை விஷயம் அப்படி இல்லை. தெரிந்தே செய்தது. நீங்கள் கொடுக்கிறீர்கள் என்றால் பழுதான பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், போர்டு எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது ஸ்டிக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கையோடு ஒரு லேப்டாப் கொண்டுபோய் ஒயரில் மாட்டி, சாய்த்துப் பார்த்து, டச்பேடில் விரலை இழுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரசீது தர மாட்டேன் என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது ஜிபே பதிவும், "ரெடிண்ணே வாங்க" என்று அவன் அனுப்பிய வாட்ஸாப்பும், அந்தப் போட்டோவும்தான். அங்கே சரிவராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. இவ்வளவு சின்னத் தொகைக்கு அலைய வேண்டுமா என்று அக்கா கேட்கிறாள். அத்தான் அடுத்த முறை வரும்போது அவரிடம் அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குளோன் போர்டை வைத்து இப்போது ஈயம் உருக்கிப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்றோடு எட்டு முனை எடுத்தாயிற்று.