கிராம்ப்ஸ்: நம் வீட்டு விலாசத்தைத் தூக்கி எறியாத வம்சாவளி மென்பொருள்

வம்சாவளியைக் கணினியில் ஏற்றலாம் என்று நினைக்கிற செட்டிநாட்டு வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும், ஆனால் கோயில் (நம் குலம் சேர்ந்த ஊர்க் கோயில்), பிரிவு (அதன் உட்பிரிவு), விலாசம் (முகவரி இல்லை, வீட்டை அடையாளம் காட்டப் பெயருக்கு முன்னால் போடும் முன்னெழுத்துகள்) இதெல்லாம் வெளிநாட்டில் செய்த எந்த மென்பொருளுக்கும் தெரியாது. தெரியாததை அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன். மரம் வரைவதை எல்லா மென்பொருளுமே நன்றாகத்தான் செய்கிறது.

எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு மென்பொருள். பினாங்கில் இருக்கும் பெரியப்பா மகன் அண்ணன்தான் முதலில் பேரேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் ஏற்றினார். ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் இருப்பதால் தலைமுறை தாண்டித் தாண்டி மெய்யப்பன்தான், விலாசம் இல்லாவிட்டால் எந்த மெய்யப்பன் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் விலாசத்துக்கென்று தனிக் குறி போட்டு வைத்திருந்தார். கோயிலும் பிரிவும் அப்படியே. இளையாத்தங்குடிக் கோயில் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதுமா, எந்தப் பிரிவு என்று அடுத்த கேள்வி வருமே.

இந்த மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஜெட்காம் என்ற கோப்பு வடிவத்தைத்தான் நம்பியிருக்கின்றன. மார்மன் சபை 1984இல் கொண்டுவந்தது. வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறக்கலாம்: வரி முதலில் படிநிலை எண், அடுத்து ஒரு குறி, அப்புறம் விவரம். பிறப்பு, கல்யாணம், இறப்புக்கெல்லாம் வகுத்த குறிகள் உண்டு. நாமாகச் சேர்க்கும் குறி அடிக்கோட்டில் (_) தொடங்க வேண்டும். அண்ணன் அதைச் சரியாகத்தான் செய்திருந்தார். ஆனால் அந்தக் குறி புரியாத மென்பொருள் அதை வைத்துக்கொள்ளுமா என்பது அந்தந்த மென்பொருளின் பாடு.

நான் காசு கட்டிச் சேர்ந்திருந்த ஓர் இணையச் சேவை வைத்துக்கொள்ளவில்லை. கோப்பை ஏற்றினேன், 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பச்சை எழுத்தில் வந்தது, மரமும் வந்தது. அங்கிருந்து திரும்ப இறக்கின கோப்பை அண்ணனுக்கு அனுப்பினால் விலாசம் ஒன்றுகூட இல்லை. எடுத்ததை எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நல்லவேளை, மூலக் கோப்பு பினாங்கில் பத்திரமாக இருந்தது.

கிராம்ப்ஸ் இதில்தான் வேறு மாதிரி. இலவசம், திறமூலம், 2001இலிருந்து வளர்ந்து வருகிறது. அதே கோப்பைக் கொடுத்தால் இறக்குமதி முடிந்ததும் ஓர் அறிக்கையைக் காட்டுகிறது: இத்தனையாவது வரி, அதில் இருந்தது இது, எனக்குப் புரியவில்லை, விட்டுவிட்டேன். அண்ணன் போட்ட விலாச வரிகள் அத்தனையும் அந்தப் பட்டியலில் வரிசையாக நின்றன. அதோடு விடாமல், ஏற்க முடியாத வரிகளை அந்தந்த ஆளின் பக்கத்தில் ஒரு குறிப்பாக ஒட்டியும் வைத்துவிடுகிறது. கல்யாணத்தில் பெண் வீட்டுச் சாமான் பரப்பும்போது கணக்கெழுதுகிறவர் பெயர் தெரியாத பாத்திரத்தையும் ஒரு வரி எழுதிவிட்டுத்தானே அடுத்ததற்குப் போவார், அந்தக் குணம் இதற்கு இருக்கிறது.

குறை என்னவென்றால் இது வைத்துக்கொள்கிறதே தவிர அப்படியே திருப்பித் தருவதில்லை. கிராம்ப்ஸிலிருந்து ஜெட்காமாக வெளியே எடுத்தால் விலாசம் பழைய குறியோடு வராது, குறிப்புக்குள் கிடக்கும் வெறும் எழுத்தாகத்தான் வரும். அண்ணனின் மென்பொருள் அதை விலாசம் என்று அடையாளம் காணாது. தகவல் தொலையவில்லை, இடம் மாறிப் போகிறது, அவ்வளவுதான். இரண்டு பேர் மாறி மாறித் திருத்திக்கொண்டிருந்தால் இது பெரிய தொல்லை. அதனால் நாங்கள் மூலப்பிரதியை ஒரே இடத்தில், கிராம்ப்ஸின் சொந்த வடிவத்தில், வைத்திருக்கிறோம். விலாசம், கோயில், பிரிவு மூன்றையும் ஆளுக்குரிய பண்புகளாக நாமே பெயர் வைத்துச் சேர்க்க அதில் இடம் இருக்கிறது. ஜெட்காம் மற்றவர்களுக்குப் பார்க்கக் கொடுக்க மட்டும். புகைப்படம் சேர்த்திருந்தால் இன்னும் கவனம்: ஜெட்காம் கோப்பில் படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் போகும், படம் போகாது. படத்தோடு சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்பு கிராம்ப்ஸில் தனியாக உண்டு, அதை எடுங்கள்.

பிள்ளை கூட்டின, அதாவது தத்து எடுத்த, வீடுகளுக்கு இது ரொம்பவே தோது. ஒருவரைப் பெற்ற வீட்டிலும் பிள்ளை போன வீட்டிலும் இரண்டிலும் காட்டலாம், தகப்பனோடு என்ன உறவு, தாயோடு என்ன உறவு என்று தனித்தனியாகக் குறிக்கலாம்.

தமிழ் எழுத்துக்குப் பிரச்சினை இல்லை, எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யுனிகோடிலேயே எழுதுகிறது. வேறு பழைய மென்பொருளிலிருந்து கோப்பு வாங்கினால் மட்டும் யுடிஎஃப்-8 என்ற யுனிகோட் குறிமுறையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் காலத்து ஆன்செல் குறிமுறையில் தமிழுக்கு இடமே இல்லை, அதில் எடுத்தால் விலாசம் எல்லாம் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.

எந்த மென்பொருளை வாங்குவதற்கு முன்னாலும் ஒரு கணவன் மனைவி, ஒரு பிள்ளை என்று சின்னக் கோப்பு ஒன்று செய்து, நாமே போட்ட குறி ஒன்றையும் சேர்த்து உள்ளே கொடுத்து வெளியே எடுத்து, இரண்டையும் நோட்பேடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்கிறவரிடம் கேட்டால் 'எல்லாம் சப்போர்ட் ஆகும் சார்' என்றுதான் சொல்வார்.

முகப்பு கொஞ்சம் பழைய காலத்துப் பாணி, பொத்தான்கள் அதிகம், முதலில் மலைப்பாக இருக்கும். அப்பத்தா, ஆயாவை அதன் முன்னால் உட்கார வைக்க முடியாது. அவர்களுக்கு மரத்தைப் பிடிஎஃப் ஆக எடுத்துப் பெரிய தாளில் அச்சடித்துக் கையில் ஒரு பேனாவும் கொடுத்துவிடுங்கள், எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தால் அறிக்கை அமைப்பில் தமிழ் எழுத்துருவாக மாற்றினால் சரியாகிவிடும்.