பிம் கோர்ஸ்னு 65,000 ரூபா கட்டப் போறவங்க ஒரு நிமிஷம் இதைப் படிங்க

பிம்னா கட்டடத்தை எல்லா விவரத்தோடயும் கம்ப்யூட்டர்ல 3டி மாடலா கட்டறது. சென்னைல ஒரு கேட் (CAD, கம்ப்யூட்டர்ல ப்ளான் வரையறது) ட்ரெய்னிங் சென்டர். பேர் போடல, போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு போன்லயே மிரட்டியாச்சு. மாஸ்டர் பிம் ப்ரொஃபெஷனல், 100% ப்ளேஸ்மெண்ட், கல்ஃப் ப்ராஜெக்ட்ல வேலைன்னு வாசல்லயே ஃப்ளெக்ஸ். ஃபீஸ் 65,000 ரூபா.

நான் சைட் இன்ஜினியர். ஸ்லாப் போட்டப்புறம் ஏசி டக்ட் பீம்ல முட்டுதுன்னு தெரிஞ்சு, ஃபால்ஸ் சீலிங்கை இறக்கி, க்ளையண்ட்கிட்ட திட்டு வாங்கறதெல்லாம் பழகிப்போன ஆளு. டெமோ அன்னிக்கு ஒரு ஹாஸ்பிட்டல் மாடலை நேவிஸ்வொர்க்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல திறந்து க்ளாஷ் டெஸ்ட், அதாவது எது எதோட முட்டுதுன்னு பாக்கற டெஸ்ட், ஓட விட்டாங்க. டக்ட் சிவப்பு, பீம் பச்சை, லிஸ்ட்ல ஒவ்வொண்ணா கிளிக் பண்ணா நேரா முட்டுற இடத்துல போய் நிக்குது. "மூணு மாசத்துல இதை நீங்களே பண்ணுவீங்க சார்"னாங்க. அங்கதான் நம்பினேன், யாரா இருந்தாலும் நம்புவாங்க. சூட்டோட சூடா கவுன்சிலர் பொண்ணு "நோ காஸ்ட் ஈஎம்ஐ சார், ஆதாரும் ஓடிபியும் மட்டும் சொல்லுங்க"ன்னு லோன் போட்டுட்டாங்க. பைனான்ஸ் கம்பெனி பணத்தை சென்டருக்கு அன்னிக்கே அனுப்பிடுது, கடன் மட்டும் நம்ம பேர்ல.

க்ளாஸ்? ரெவிட்ங்கற பிம் சாஃப்ட்வேர்ல சுவர், கதவு, ஜன்னல், படிக்கட்டு, ஒரு டூப்ளெக்ஸ் வீடு, முடிஞ்சுது. கதவு, ஜன்னல் மாதிரி பாகங்களை நாமளே உருவாக்கற ஃபேமிலி எடிட்டரைத் திறந்து காட்டி மூடிட்டாங்க. பிம்னாலே நாலு பேர் ஒரு சென்ட்ரல் ஃபைலை வச்சு ஆளுக்கொரு லோக்கல் காப்பில வேலை பாத்து சிங்க் பண்றதுதானே, அந்த லேப்ல ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவுல நெட்வொர்க்கே கிடையாது. ட்ரெய்னர் போன பேட்ச் ஸ்டூடண்டாம், ரெவிட் 2024 வெர்ஷன்ல சேவ் பண்ணின ப்ராக்டிஸ் ஃபைலை அனுப்பறாரு, லேப்ல இருக்கறது ரெவிட் 2021, புது வெர்ஷன் ஃபைல் பழசுல திறக்கவே திறக்காதுன்னு அவருக்கே தெரியல, "வீட்ல ட்ரை பண்ணுங்க ப்ரோ"ங்கறாரு. டெமோல காட்டின நேவிஸ்வொர்க்ஸ் எங்கன்னா "ரெக்கார்டிங் லிங்க் வரும்". இன்னும் வரல.

ப்ளேஸ்மெண்ட்னு ஒரே ஒரு இன்டர்வியூ. ஷேர்டு கோஆர்டினேட்ஸ் (எல்லா மாடலும் ஒரே இடத்துல பொருந்தி உக்கார வைக்கறது) எப்படி செட் பண்ணுவீங்க, எல்ஓடி (மாடல்ல எவ்வளவு விவரம் இருக்கணும்ங்கற அளவு) 300க்கும் 350க்கும் என்ன வித்தியாசம்னு கேட்டாங்க. ரெண்டுமே க்ளாஸ்ல வாயில கூட வராத வார்த்தை. 350ன்னா பக்கத்து வேலையோட எப்படிச் சேருது, சப்போர்ட் எங்க வருதுன்னு மாடல்ல இருக்கணும்னு கடைசில இன்டர்வியூ எடுத்தவரே சொல்லிக் குடுத்து அனுப்பினாரு. அந்த அஞ்சு நிமிஷம் ஓசி, இங்க 65,000!

ரீஃபண்ட் கேட்டா கவுன்சிலர் "அக்கவுண்ட்ஸ்க்கு மெயில் போடுங்க சார்", அக்கவுண்ட்ஸ் "பிராஞ்ச் மேனேஜர் அப்ரூவல் வேணும்", மேனேஜர் எப்பவும் மீட்டிங்ல. வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. பைனான்ஸ்காரன் "க்ளாஸ் உங்க பிரச்சனை, ஈஎம்ஐ எங்க பிரச்சனை"ன்னு சொல்றான். கடைசில ஐஎஸ்ஓ 19650 (பிம் வேலைக்கான சர்வதேச ஸ்டாண்டர்டு) சர்டிஃபைடுன்னு ஒரு கலர் பேப்பர் குடுத்து வாயடைக்கப் பாத்தாங்க. ஐஎஸ்ஓ யாருக்கும் நேரா சர்டிஃபிகேட் குடுக்கறதே இல்லைங்க, ஸ்டாண்டர்டு எழுதறதோட அவங்க வேலை சரி.

விவரமா டிப்ஸ் எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப கை வரல. லோன் ஓடிபி சொல்லாதீங்க, மாசா மாசம் கட்டறேன்னு சொல்லுங்க. டெமோ காட்டற ஆளே க்ளாஸ் எடுப்பாரான்னு எழுதி வாங்குங்க. லேப்ல போய் ரெண்டு சிஸ்டத்துல ஒரே ஃபைலை சிங்க் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. ஸ்டூடண்டா இருந்தா ரெவிட்டை விக்கற ஆட்டோடெஸ்க் கம்பெனியே அதை ஒரு வருஷம் ஃப்ரீயாவே குடுக்கறான், சாஃப்ட்வேர் ஃபீஸ்னு தனியா கேட்டா எழுந்து வந்துடுங்க. நான் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, கம்ப்ளெய்ண்ட் போட்டிருக்கேன், எதாவது நடந்தா எழுதறேன்.